பட்டுச் சாரம் சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

கட்டடம் எழும்பும்போது சுற்றிலும் சவுக்குக் கட்டையில் சாரம் கட்டுவார்கள். உடலில் சேதமான இடத்தில் புதுத் திசு வளர்வதற்கும் அப்படி ஒரு சாரம் வேண்டும். செல்கள் அதில் ஏறி உட்கார்ந்து பெருகித் தமக்கான திசுவைக் கட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் சாரம் தானாகவே கரைந்து போக வேண்டும். மல்பெரிப் பட்டுப்புழுவின் கூட்டில் இருக்கும் ஃபைப்ராயின் என்ற புரதம் இதற்கு அருமையான பொருள். ஆனால் கூட்டிலிருந்து சாரம் வரைக்குமான பாதை நீளமானது, ஒவ்வொரு படியிலும் ஏதாவது பிசகும்.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட பெரிய விஷயம் ஒன்று உண்டு. பிழை கண்ணில் படும் இடம் வேறு, அது பிறந்த இடம் வேறு. செல்கள் சாவது ஆறாவது வாரத்தில் தெரியும். காரணம் முதல் நாள் கொதிக்கவைத்த பீக்கரில் இருக்கும். அதனால் எந்த அறிகுறியைக் கண்டாலும் அந்தப் படியை மட்டும் நோண்டாமல், இரண்டு படி பின்னால் போய்ப் பாருங்கள்.

சரியாகப் போனால் எப்படிப் போகும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதோடு ஒப்பிட்டுத்தான் பிழையைப் பார்க்க முடியும். அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் டேவிட் கப்லான் குழுவினர் 2011இல் விரிவாக வெளியிட்ட செய்முறையைத்தான் பெரும்பாலான ஆய்வுக்கூடங்கள் பின்பற்றுகின்றன. புழு நீக்கி நறுக்கிய கூட்டு ஓடு 5 கிராம் எடுத்து, 2 லிட்டர் தண்ணீரில் 4.24 கிராம் சோடியம் கார்பனேட் போட்டு (0.02 மோலார்), கொதிநிலையில் 30 நிமிடம் வைக்கிறோம். பிறகு 1 லிட்டர் தூய நீரில் 20 நிமிடம் வீதம் மூன்று முறை அலசி, பிழிந்து, பிரித்துவிட்டு, ஓர் இரவு உலர்த்துகிறோம். உலர்ந்த இழை ஒரு கிராமுக்கு 4 மி.லி. கணக்கில் 9.3 மோலார் லித்தியம் புரோமைடு என்ற உப்பின் கரைசலை ஊற்றி, 60 டிகிரி செல்சியஸில் 4 மணி நேரம் வைத்து இழையைக் கரைக்கிறோம். அடுத்து டயாலிசிஸ்: 3,500 டால்டனுக்குச் சிறிய மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பையில் கரைசலைக் கட்டி, உப்பு வெளியேறத் தூய நீரில் 48 மணி நேரம், ஆறு முறை நீர் மாற்றம். துகள்களை அடியில் படியவைக்கும் சுழல் கருவியான சென்ட்ரிஃப்யூஜில் இரண்டு முறை. இப்போது கையில் இருப்பது ஏறத்தாழ 7, 8 சதவீதக் கரைசல். அதை 6 சதவீதமாக நீர்த்து, 2 மி.லி.க்கு 4 கிராம் கணக்கில் 500–600 மைக்ரான் உப்புத் துகளைத் தூவி, ஒன்றிரண்டு நாள் வைத்து, உப்பைத் தண்ணீரில் கரைத்தெடுத்தால் கடற்பஞ்சு போல ஒரு சாரம் கிடைக்கும்.

சரி, இனி அறிகுறிகள்.

கொதித்த பிறகும் இழை விறைப்பாக, பிசுபிசுப்பாக இருக்கிறது

செரிசின் முழுதாகப் போகவில்லை. பட்டு இழையின் மேல் பசைபோல ஒட்டியிருக்கும் புரதம் அது. கூட்டு ஓட்டின் எடையில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் அதுதான். கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், தராசில் வையுங்கள். 5 கிராம் ஓடு நன்றாகக் காய்ந்த பின் 3.5 முதல் 3.75 கிராமுக்குள் வந்தால் சரி. 4 கிராமுக்கு மேல் நின்றால் பசை மிச்சம் இருக்கிறது, அல்லது இழை இன்னும் காயவில்லை. இரண்டில் எது என்று தெரிய, மறுநாளும் எடை போடுங்கள். எடை இறங்காமல் அப்படியே இருந்தால் பசைதான்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் பிக்ரோகார்மைன் சாயம் இருக்கிறது. செரிசின் இருந்தால் இழை சிவக்கும். வெறும் ஃபைப்ராயின் என்றால் மஞ்சளாகும். இரண்டு நிமிட வேலை, ஒவ்வொரு தொகுதிக்கும் செய்துவிடுங்கள். பழைய காலத்துப் பட்டுத் தையல் நூல்களால் சிலருக்கு ஒவ்வாமை வந்ததற்குச் செரிசின் கலந்திருந்ததுதான் காரணம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இதைத் தவிர்க்க மனம் வராது.

பசை ஏன் போகவில்லை? முதல் சந்தேகம் தண்ணீரின் மேல். ஆழ்துளைக் கிணற்று நீரிலோ குழாய்த் தண்ணீரிலோ கொதிக்கவைத்தால், அதிலுள்ள கால்சியம், நாம் போட்ட கார்பனேட்டோடு சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும். காரம் குறைந்துபோகும், படிவு இழையிலும் ஒட்டும். வடிநீரோ அயனி நீக்கிய நீரோதான் வேண்டும். இரண்டாவது, பெரிய துண்டுகளாக நறுக்கியிருப்பீர்கள், அல்லது கூட்டைப் போட்டதும் கொதி அடங்கிப்போயிருக்கும். தளதளவென்று கொதிக்கும்போது போட்டு, அப்போதிருந்து 30 நிமிடம் எண்ணுங்கள். மூன்றாவது, கூடு வந்த விதம். தர்மபுரி மாதிரி அங்காடியில் பச்சைக் கூடாக வாங்கினால் உள்ளே கூட்டுப்புழு உயிரோடிருக்கும். நாளைக் கடத்தினால் அந்துப்பூச்சி ஓட்டைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். ஆகவே உடனே நறுக்கிப் புழுவை எடுத்துவிடுவது நல்லது. அதிகச் சூட்டில் உலர்த்திய கூடு என்றால் செரிசின் இறுகியிருக்கும், லேசில் இளகாது. எது எப்படி உலர்த்தப்பட்டது என்று வாங்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். நறுக்கும்போது புழு நசுங்கிக் கறைபட்ட ஓடுகளை ஒதுக்கிவிடுங்கள். புழுவின் எண்ணெய் கடைசி வரைக்கும் கூடவே வரும்.

பசை போகவில்லையே என்று கொதிக்கும் நேரத்தை ஒரு மணிக்கு நீட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. காரத்தில் கொதிக்கக் கொதிக்க ஃபைப்ராயின் சங்கிலியே அறுபடுகிறது. கரைசல் நீர்த்தாற்போல வரும், சாரம் பலம் குறையும். நேரத்தை நீட்டுவதைவிட, தண்ணீரையும் துண்டின் அளவையும் திருத்துங்கள்.

லித்தியம் புரோமைடில் இழை கரையவே இல்லை

நான்கு மணி நேரம் கழித்துத் தேன் நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டிய பாத்திரத்தில் நூல் நூலாக மிதக்கிறதா? பெரும்பாலும் இழை ஈரமாக இருந்திருக்கும். இதில் நானே மூன்று வாரம் வீணாக்கியிருக்கிறேன். மழைக்காலம். ஓர் இரவு காய்ந்தால் போதும் என்று செய்முறையில் இருந்ததை அப்படியே நம்பினேன். வெளியே அடைமழை பெய்யும்போது ஓர் இரவில் பட்டு காயுமா? கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. 3.6 கிராம் இழைக்கு 14.4 மி.லி. கரைப்பான். இழைக்குள் 2 கிராம் தண்ணீர் ஒளிந்திருந்தால் 9.3 மோலார் என்பது ஏறத்தாழ 8.2 ஆக இறங்கிவிடுகிறது. ஃபைப்ராயின் சங்கிலிகள் பக்கம் பக்கமாக அடுக்கி இறுகிய பீட்டா தாள் அமைப்பைப் பிரிக்க அந்தச் செறிவு போதாது.

இன்னொரு பக்கம் லித்தியம் புரோமைடும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பாட்டிலைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தாலே போதும், தூள் கட்டியாகிவிடும். கட்டியான உப்பை எடை போட்டால் அதிலுள்ள தண்ணீரையும் சேர்த்துத்தான் எடை போடுகிறீர்கள். 20 மி.லி. கரைசலுக்கு 16.15 கிராம் வேண்டும்; மூடிய பாட்டிலிலிருந்து சட்டென்று எடுத்துப் போடுங்கள். தண்ணீரில் சேரும்போது நன்றாகச் சுடும். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கடைசியில்தான் கனஅளவை நிரப்ப வேண்டும்.

இழையைப் பாத்திரத்தின் அடியில் அமுக்கி வைத்து, மேலே கரைப்பானை ஊற்றுங்கள். மாற்றிச் செய்தால் மேலே மிதக்கும் இழை நனையாமலே நிற்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கரையவில்லை என்றால் கூடு எந்த வகை என்று பாருங்கள். தசார், எரி போன்ற காட்டுப் பட்டுகளின் ஃபைப்ராயின் வேறு. இந்தக் கரைப்பானுக்கு அது அசையாது. தசார் பட்டில் ஆராய்ச்சி செய்த காரக்பூர் ஐ.ஐ.டி.யின் சுபாஸ் குண்டு குழுவினர் கூட்டை விட்டுவிட்டு, புழுவின் பட்டுச் சுரப்பியிலிருந்தே புரதத்தை எடுத்ததற்கு இதுதான் காரணம்.

டயாலிசிஸ் பையிலேயே கட்டிவிட்டது

அடிக்கடி வரும் புலம்பல் இதுதான். காலையில் வந்து பார்த்தால் பைக்குள் தயிர் உறைந்தாற்போல இருக்கும். பையை மாற்றுவார்கள், சவ்வை மாற்றுவார்கள். சவ்வின் மேல் பழி போடுவதற்கு முன் கரைசல் ஏன் உறைகிறது என்று பார்க்கலாம்.

கரைந்திருக்கும் ஃபைப்ராயின் சங்கிலிகள் எப்போதும் மறுபடி பீட்டா தாளாக அடுக்கிக்கொள்ளத் தயாராகவே இருக்கின்றன. லித்தியம் புரோமைடு இருக்கும்வரை அது தடுக்கிறது. வெளியேற வெளியேறத் தடை நீங்குகிறது. அந்த நேரத்தில் சூடு, குலுக்கல், அமிலம், கால்சியம் அயனி, அதிகச் செறிவு ஆகியவற்றில் எது சேர்ந்தாலும் உறைந்துவிடும். ஆகவே கேள்வியை இப்படிக் கேளுங்கள்: நேற்று இரவு இவற்றில் எது நடந்தது?

சூட்டிலிருந்து தொடங்குவோம். செய்முறையில் ‘அறை வெப்பநிலை’ என்று இருக்கும். பாஸ்டனை ஒட்டிய டஃப்ட்ஸில் எழுதியவர்களின் அறை வேறு, சித்திரை மாதத்து நம் அறை வேறு. இரவு பத்து மணிக்குக் குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டுப் போனால் விடியற்காலையில் அறை 32, 33 டிகிரியில் நிற்கும். டயாலிசிஸைக் குளிர் அறையில் 4 டிகிரியில் வைத்துவிடுங்கள். உப்பு மெதுவாக வெளியேறும் என்பதால் இன்னும் இரண்டு முறை நீர் மாற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் குலுக்கல். பட்டுப்புழு தன் சுரப்பியில் இருக்கும் கரைசலை மெல்லிய குழாய் வழியே இழுத்துத்தான் நூலாக்குகிறது. இழுவிசைதான் அதன் வித்தை. நீங்கள் கரைசலைச் சிறு துளை ஊசியால் வேகமாக உறிஞ்சினாலும், காந்தக் குச்சியை முழு வேகத்தில் சுழற்றினாலும், குழாயை மேலும் கீழும் ஆட்டினாலும் அதையேதான் செய்கிறீர்கள். அகலமான ஊசி, மெதுவான கை, நுரை வராத ஊற்றல். குமிழி ஓரங்களில்தான் முதல் வெள்ளை நூல் தெரியும்.

பி.எச். (அமில-கார அளவு) பற்றிப் பலர் யோசிப்பதில்லை. ஃபைப்ராயினின் மின்சமநிலைப் புள்ளி (மொத்த மின்னூட்டம் சுழியாகும் பி.எச்.) 4ஐ ஒட்டி இருக்கிறது. அதை நெருங்க நெருங்கச் சீக்கிரம் உறையும். அமிலத்தில் கழுவிய பீக்கரைச் சரியாக அலசாமல் எடுத்தால்கூடப் போதும். குழாய்த் தண்ணீரில் டயாலிசிஸ் செய்து செலவை மிச்சப்படுத்த நினைப்பவர்களுக்கு: அதிலுள்ள கால்சியம் உறைதலை விரைவுபடுத்தும். எங்கேயாவது சிக்கனம் செய்ய வேண்டுமென்றால் இங்கே வேண்டாம்.

பசை நீக்கத்தில் மிச்சமிருந்த செரிசினும் கரைசலை நிலையில்லாமல் ஆக்கும். மேலே சொன்ன எதுவுமே பொருந்தவில்லை என்றால் முதல் நாள் எடைக் குறிப்பைத் திருப்பிப் பாருங்கள்.

பை வெடித்துவிட்டதா? அது வேறு கதை. உள்ளே செறிவான உப்பு இருப்பதால் தண்ணீர் உள்ளே பாயும், பை உப்பும். மூன்றில் ஒரு பங்கு இடம் காலியாக விட்டுக் கட்டுங்கள்.

டயாலிசிஸ் முடிந்ததா என்று எப்படி அறிவது? வெளித் தண்ணீரின் மின்கடத்து திறனை, புதிதாகப் பிடித்த தூய நீரோடு ஒப்பிடலாம். மீட்டர் இல்லையென்றால் வெளித் தண்ணீரில் இரண்டு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டுப் பாருங்கள். வெளிர் மஞ்சள் கலங்கல் வந்தால் புரோமைடு இன்னும் இருக்கிறது.

கரைசல் கலங்கலாக இருக்கிறது

லேசான மஞ்சள் நிறம் பரவாயில்லை. துகள் மிதந்தால் 4 டிகிரியில் நிமிடத்துக்கு 9,000 சுற்று வேகத்தில் 20 நிமிடம், இரண்டு முறை சென்ட்ரிஃப்யூஜ் செய்யுங்கள். அடியில் படிவது கூட்டில் ஒட்டியிருந்த குப்பையும் கரையாத இழையும். மேலே உள்ளதை மட்டும் மெதுவாக ஊற்றி எடுங்கள். சென்ட்ரிஃப்யூஜுக்குப் பிறகும் பால் போல இருந்தால் உறைதல் தொடங்கிவிட்டது. அந்தத் தொகுதியில் சாரம் செய்யாதீர்கள். நல்ல கரைசல் 4 டிகிரியில் ஏறத்தாழ ஒரு மாதம் தாங்கும்.

செறிவு ஒவ்வொரு முறையும் மாறுகிறது

மாறத்தான் செய்யும், ஏனென்றால் பைக்குள் எவ்வளவு தண்ணீர் புகுந்தது என்பது பைக்குப் பை வேறு. ஊகிக்க வேண்டாம். எடை போட்ட தட்டில் 0.5 மி.லி. விட்டு 60 டிகிரியில் காயவைத்து மறுபடி எடை போடுங்கள். 0.035 கிராம் என்றால் 7 சதவீதம். 4 சதவீதத்தில் நின்றுவிட்டால், பையை 10,000 டால்டன் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலில் வைத்துத் தண்ணீரை வெளியே இழுக்கலாம். அடிக்கடி பாருங்கள்; கொஞ்சம் அசந்தால் செறிவு ஏறி உறைந்துவிடும்.

சாரத்தின் மேலே தோல், உள்ளே துளை ஒழுங்கில்லை

மேலே தோல் வருவது, உப்பு மட்டத்துக்கு மேலே கரைசல் நின்றதால். உப்பை மொத்தமாகக் கொட்டாமல், பாத்திரத்தைச் சுழற்றிக்கொண்டே சிறிது சிறிதாகத் தூவி, மெதுவாகத் தட்டி மட்டம் செய்யுங்கள். வந்த தோலைப் பிளேடால் சீவி எடுத்துவிடுங்கள். அதை விட்டுவைத்தால் செல்கள் உள்ளே இறங்காது.

துளை ஒழுங்கில்லாமல் போவதற்குப் பெரும்பாலும் உப்பே காரணம். சென்னை, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களில் உப்பு ஈரம் ஏறி ஒட்டிக்கொள்ளும். சலித்து வைத்த 500–600 மைக்ரான் உப்பு, மறுவாரம் எடுக்கும்போது அந்த அளவில் இருக்காது. சலிப்பதற்கு முன் அடுப்பில் உலர்த்தி, சலித்த பின் ஈரம் புகாத மூடிய கலமான டெசிகேட்டரில் வையுங்கள்.

நீர்க் கரைசலில் உப்பும் கொஞ்சம் கரையும் என்பதை மறக்க வேண்டாம். 2 மி.லி.யில் ஏறத்தாழ 0.7 கிராம் கரைந்து போகும். அதாவது 4 கிராமில் 3.3தான் துகளாக நிற்கும். ஒவ்வொரு துகளின் குறுக்களவும் 6, 7 சதவீதம் சுருங்கும். பெரிய துகளுக்கு இது பொருட்டில்லை. சிறு துகள்கள் முழுதாகக் கரைந்து, துளைக்குப் பதில் களியாகிவிடும். 300 மைக்ரானுக்குக் கீழே துளை வேண்டுமென்றால் நீர் வழியை விட்டுவிட்டு, உறையவைத்து உலர்த்திய ஃபைப்ராயினை எச்.எஃப்.ஐ.பி. (ஹெக்ஸாஃப்ளூரோஐசோப்ரோப்பனால்) என்ற கரிமக் கரைப்பானில் 17 சதவீதமாகக் கரைத்துச் செய்வது மேல். அதில் உப்பு கரையாது. ஆனால் அது தோலையும் கண்ணையும் அரிக்கும் நச்சு. நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூடுக்கு வெளியே அந்தப் பாட்டிலைத் திறக்கவே கூடாது.

தண்ணீரில் போட்டதும் சாரம் கரைகிறது, அல்லது விரலில் பொடிகிறது

பீட்டா தாள் அமைப்பு உண்டாகவில்லை. நீர் வழியில் உப்பே அந்த மாற்றத்தைத் தூண்டுகிறது. அதனால் நேரம் கொடுக்க வேண்டும். 12 மணி நேரத்தில் அவசரப்பட்டு எடுத்தால் நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். 5 சதவீதத்துக்குக் கீழான கரைசலிலும் சாரம் பொடியும். உறையவைத்து உலர்த்திச் செய்த சாரமென்றால், அதற்கு எப்போதும் தனியாக ஒரு பக்குவம் தேவை. 90 சதவீத மெத்தனாலில் ஊறவைக்கலாம். அல்லது டெசிகேட்டரின் அடியில் தண்ணீர் வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, நீராவியில் ஓர் இரவு விடலாம். செல்லுக்கு இதமானது இரண்டாவது வழிதான். நான் அதையே விரும்புகிறேன்.

அகச்சிவப்பு ஒளியால் மூலக்கூறு அமைப்பைக் காட்டும் எஃப்.டி.ஐ.ஆர். கருவி கிடைத்தால் சந்தேகமே வேண்டாம். 1,640–1,650 செ.மீ.⁻¹ பகுதியில் இருக்கும் அமைடு உச்சம் 1,620–1,630க்கு நகர்ந்திருந்தால் சாரம் பக்குவப்பட்டுவிட்டது. பக்குவமான சாரம், 121 டிகிரி நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவைத் தாங்கும். ஆட்டோகிளேவில் சுருண்டு வந்தால், பக்குவம் போதவில்லை என்பதற்கு அதுவே சான்று.

செல்கள் ஒட்டவில்லை, ஒட்டியதும் சாகின்றன

இந்த இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். முதலில் ஒட்டாதது. மல்பெரிப் பட்டின் ஃபைப்ராயினில், செல்கள் பற்றிக்கொள்ளத் தேடும் ஆர்.ஜி.டி. என்ற மூன்று அமினோ அமில வரிசை கிடையாது. அதனால் செல்கள் பற்றிக்கொள்ள உதவும் ஃபைப்ரோனெக்டின் என்ற புரதத்தைப் பூசியோ, வளர்ப்பு ஊடகத்தில் 37 டிகிரியில் ஓர் இரவு ஊறவைத்தோ செல்களை விதைப்பது வழக்கம். ஊறவைக்காத சாரத்தில் காற்றுக் குமிழி அடைத்திருக்கும். மேலே விட்ட செல் சொட்டு முத்துப்போல உருண்டு நிற்கும். அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சாவு என்றால் மிச்ச ரசாயனத்தைத் தேடுங்கள். செல் இல்லாத வெறும் சாரத்தை, அமில-காரத்துக்கேற்ப நிறம் மாறும் ஃபீனால் ரெட் கலந்த ஊடகத்தில் இரண்டு நாள் போட்டு வையுங்கள். ஊடகம் ஊதாச் சிவப்பாக மாறினால் காரம் மிச்சம். முதல் நாளின் சோடியம் கார்பனேட் இங்கே வந்து நிற்கிறது. மஞ்சளாகிக் கலங்கினால் கிருமித் தொற்று. நிறம் மாறாமலும் செல்கள் சாகின்றன என்றால், சாரத்தை அலசிய தண்ணீரில் வெள்ளி நைட்ரேட் சோதனை. பிறகு மெத்தனாலும் எச்.எஃப்.ஐ.பி.யும் முழுதாக ஆவியாக நேரம் கொடுத்தீர்களா என்ற கேள்வி.

விலங்குச் சோதனையில் மட்டும் அழற்சி காட்டினால் எண்டோடாக்சினை, அதாவது பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து வரும் நச்சை, சந்தேகியுங்கள். ஆட்டோகிளேவில் கிருமி சாகும், எண்டோடாக்சின் அழியாது. பெரும்பாலும் தண்ணீர்த் தொட்டியிலிருந்து வரும். எண்டோடாக்சினைக் காட்டும் எல்.ஏ.எல். சோதனையைச் சாரத்துக்கு மட்டுமல்ல, டயாலிசிஸ் தண்ணீருக்கும் செய்யுங்கள்.

சீக்கிரம் கரைந்துபோகிறது, அல்லது கரையவே மாட்டேன் என்கிறது

இதைப் பிழை என்று சொல்வதைவிட, தேர்வு பொருந்தவில்லை எனலாம். எலியின் உடலில் வைத்துப் பார்த்தபோது, நீர் வழியில் செய்த சாரங்கள் இரண்டு முதல் ஆறு மாதத்துக்குள் கரைந்தன, எச்.எஃப்.ஐ.பி. வழியில் செய்தவை ஓராண்டைத் தாண்டியும் நின்றன. எலும்புக்கு எது, தோலுக்கு எது என்பதைக் கூட்டை நறுக்கும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஒப்பிட, புரதத்தை அரிக்கும் புரோட்டியேஸ் 14 நொதி போதும். நொதியை ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை புதிதாக மாற்றுங்கள், இல்லையென்றால் அதன் வீரியம் போய்ச் சாரம் கரையாதது போலத் தோன்றும்.

இப்படி மாதக்கணக்கில் கழித்து ஒரு குறை தெரியும்போது பின்னால் போய்ப் பார்க்கக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். நான் ஒவ்வொரு தொகுதியிலும் காய்ந்த இழையில் ஒரு சிட்டிகையையும், கரைசலைக் காயவைத்த ஒரு படலத்தையும், தேதியும் எடையும் எழுதிய காகித உறையில் போட்டு டெசிகேட்டரில் வைக்கிறேன். பிக்ரோகார்மைன் சாயத்தை அந்த இழையில் எட்டு மாதம் கழித்தும் போட்டுப் பார்க்கலாம்.